லக்கானிக்: குறைவாகப் பேசுகிறவரெல்லாம் லக்கானிக் அல்ல

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களின் நோட்டில் 'லக்கானிக்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேரே 'குறைவாகப் பேசுகிற' என்றிருக்கும். சரிதான். நாலு வரி தள்ளி டாசிடர்ன், ரெட்டிசென்ட் இரண்டுக்கும் அதே பொருள் எழுதியிருக்கும். வினையே அங்குதான்.

வாய் திறக்காதவரை லக்கானிக் என்பது

தெற்கு கிரேக்கத்தில் ஸ்பார்ட்டா நகரம் இருக்கும் பகுதியின் பெயர் லக்கோனியா. சொல் அங்கிருந்து வந்தது. மாசிடோனிய அரசன் இரண்டாம் பிலிப், "லக்கோனியாவுக்குள் நுழைந்தால் உங்களை விரட்டியடிப்பேன்" என்று மிரட்டி எழுதினானாம். ஸ்பார்ட்டாக்காரர்கள் அனுப்பிய பதில் ஒரே சொல் என்கிறார் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். ஆங்கிலத்தில் அது 'இஃப்'. தமிழில் அது தனிச்சொல்லாக நிற்காது; "நுழைந்தால்!" என்று அழுத்திச் சொன்னால் அந்தக் குத்தல் கிடைக்கும்.

கவனியுங்கள், அவர்கள் பேசாமல் இருக்கவில்லை. பதில் சொன்னார்கள், நறுக்குத் தெறித்தாற்போல. லக்கானிக் என்றால் வாயிலிருந்து ஏதாவது வந்திருக்க வேண்டும். ஒரு மணிநேரக் கூட்டத்தில் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருப்பவர் டாசிடர்ன், அது சுபாவம். வாய்வரை வந்ததை விழுங்குகிறவர் ரெட்டிசென்ட். மற்றதெல்லாம் சரளமாகப் பேசிவிட்டு, பணம் எங்கே என்றால் மட்டும் மழுப்பும் சாட்சியை 'லக்கானிக்' என்று எழுதுகிறார்களே, அங்கே வேண்டியது ரெட்டிசென்ட்தான். எதைப் பற்றி என்பதைச் சொல்ல இதன்பின் 'அபவுட்' போடுங்கள். தயக்கம் என்ற பொருளில் 'டு' சேர்த்து எழுதுவதும் புழங்குகிறது. பரீட்சைத் தாளில் வேண்டாம்.

சந்தேகம் வந்தால், அவர் சொன்னதை மேற்கோள் குறிக்குள் போட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் லக்கானிக் பொருந்தலாம். மேற்கோளுக்குள் போட எதுவுமே இல்லையென்றால் அந்தச் சொல்லைத் தொடாதீர்கள். டாசிடர்ன் ஆசாமி அபூர்வமாக வாய் திறக்கும்போது லக்கானிக்காகப் பேசலாம். அதில் முரண் இல்லை.

பயோடேட்டாவில் தன்னையே லக்கானிக் என்பது

வேண்டாம். சுருக்கமாகச் சொல்பவர் என்ற பொருளில் 'கன்சைஸ்' என்று எழுதுங்கள். லக்கானிக்கில் ஒரு வறட்சி உண்டு, சில இடங்களில் அலட்சியமும் தொனிக்கும். (முகத்தில் அடித்தாற்போல் பேசுவதற்கு 'கர்ட்' என்று தனிச்சொல்லே இருக்கிறது.)

சம்பளம், சாப்பாடு, உடை

லக்கானிக் பொருந்துவது பேச்சு, எழுத்து, அவற்றின் நடை, பேசும் ஆள் இவற்றுக்குத்தான். குறைந்த சம்பளம், எளிய சாப்பாடு, எளிய உடை என்று வேறு எதற்கும் போடாதீர்கள்.

உச்சரிப்பு

அழுத்தம் நடுவில்: ல-கா-னிக். 'லேக்கனிக்' இல்லை.