பசுமையா வாழறோமா, இல்ல பசுமைய காசு கொடுத்து வாங்கறோமா: வீட்டுலயே சோதிச்சுப் பாக்குற வழி

போன தீபாவளிக்கு முன்னாடி சிங்கப்பூர்ல எங்க வீட்ட ஒழிச்சுப் போடுறப்போ சமையலறை கீழ் கபோர்டுல இருந்த துணிப்பைய எல்லாம் எடுத்து எண்ணிப் பாத்தேன், மொத்தம் 11 பை. நாலு நானே காசு கொடுத்து வாங்கினது, மிச்சமெல்லாம் கல்யாண வீட்டுல குடுத்தது, ஆபீஸ் நிகழ்ச்சியில குடுத்தது, ஒரு கடையில நூறு வெள்ளிக்கு (டாலருக்கு) மேல வாங்கினா இலவசம்னு கையில திணிச்சது. எங்க சித்தப்பா பையன் பக்கத்துல உக்காந்து பாத்துட்டு, "இதெல்லாம் காசு உள்ளவங்க ட்ரெண்டுக்கா, மூங்கில் பிரஷ்ல பல்லு வெளக்கினா பூமி பொழச்சிருமா"ன்னு கேட்டான். அவன் கேட்டது நியாயமான கேள்விதான், ஆனா அவன் முடிவுக்கு வந்த மாதிரி எல்லாமே வேஷம்னு என்னால ஒத்துக்க முடியல, ஏன்னா நெஜமாவே அக்கறையோட வாழறவங்கள எனக்குத் தெரியும். நாம அதுல எந்தப் பக்கம்ங்கறத நாம வாங்குற சாமான வெச்சு சொல்ல முடியாது, நம்ம குப்ப, நம்ம கரண்டு பில்லு, நம்ம அலமாரி இந்த மூணும்தான் சொல்லும். ஒரு மாசம் எடுத்துக்கிட்டு இத நீங்களே பாத்துக்கலாம், நான் செஞ்ச மாதிரியே சொல்றேன்.

பையிலயே ஆரம்பிங்க. 2023 ஜூலை 3-ல இருந்து பெரிய சூப்பர்மார்க்கெட்டுல ஒரு பைக்கு குறைஞ்சது 5 காசுன்னு வந்ததும் நாம எல்லாரும் துணிப்பைக்கு மாறினோம், நல்ல விஷயம். ஆனா துணிப்பைக்கும் ஒரு கணக்கு இருக்கு, பருத்தி வெளைய தண்ணி, உரம், நெசவு, சாயம்னு நெறைய செலவாகும். 2011-ல பிரிட்டன் சுற்றுச்சூழல் அமைப்பு ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு, ஒரு பருத்திப் பைய 131 தடவ தூக்கினாத்தான் சாதாரண சூப்பர்மார்க்கெட் பிளாஸ்டிக் பைய விட பருவநிலைக்கு நல்லதாம், அதுவும் அந்த பிளாஸ்டிக் பைய ஒரே தடவையில தூக்கிப் போட்டா. அந்தப் பையிலயே குப்ப கட்டிப் போட்டீங்கன்னா கணக்கு 327 தடவையா ஏறிடும். நம்ம ஊருல என்ன செய்வோம், எல்லா வீட்டுலயும் அந்தப் பையிலதான குப்பையக் கட்டி சூட்டுல, அதான் மாடியில இருந்து குப்ப விழுற குழாயில, போடுறோம், அப்ப நமக்குப் பொருந்துறது 327-தான். வாரம் ரெண்டு தடவ மார்க்கெட் போனா ஒரு பைக்கே மூணு வருஷத்துக்கு மேல ஆகும், பதினொரு பைக்கு முப்பது வருஷம் தாண்டிடும். ஆர்கானிக் பருத்தின்னு கூட ரெண்டு வெள்ளி குடுத்து வாங்கினது இன்னும் மோசம், 2018-ல டென்மார்க்ல செஞ்ச ஆய்வுல (அங்க ஒப்பிட்ட பிளாஸ்டிக் பை வேற) பருவநிலை கணக்குக்கு மட்டும் சாதாரண பருத்திப் பைக்கு 52 தடவ, ஆர்கானிக்குக்கு 149 தடவன்னு வந்துச்சு, வெளைச்சல் கொறைவு, நெலம் அதிகமா வேணும், அதான் காரணம்.

அதனால இனிமே ஒரு பை கூட வாங்காதீங்க, இலவசமா குடுத்தாலும் வேணாம்னு சொல்லிப் பழகுங்க. ரெண்டே பை வெச்சுக்கங்க, ஒன்னு மடிச்சு ஹேண்ட்பேக்ல, ஒன்னு வாசக்கதவு பக்கத்துல ஆணியில. மிச்சத்த நான் தேக்கா மார்க்கெட்ல வழக்கமா காய் வாங்குற அண்ணன்கிட்ட கேட்டுட்டு குடுத்தேன், பை மறந்து வர்றவங்களுக்குக் குடுக்க ஆகும்னு சந்தோஷமா வாங்கிக்கிட்டாரு. வீட்டுல கல்யாணம் காதுகுத்து வந்தா தாம்பூலப் பையில பேரு தேதி அச்சடிக்காம குடுங்க, பேரு போட்ட பைய யாரும் மார்க்கெட்டுக்குத் தூக்கிட்டுப் போறதில்ல. ஒரு காலத்துல மஞ்சப்பைன்னா ஊருக்காட்டான்னு சிரிச்சாங்க, 2021-ல தமிழ்நாட்டுல அரசாங்கமே மீண்டும் மஞ்சப்பைன்னு திட்டம் கொண்டு வந்துச்சு. எங்க பாட்டி ஒரே மஞ்சப்பைய கிழியுற வரைக்கும் வெச்சிருந்தாங்க, கிழிஞ்சதும் கைப்பிடித் துணியாக்குனாங்க, அந்தப் பைக்குள்ள 327 தடவ எத்தன தடவ அடங்கியிருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

அடுத்தது ஒரு வாரம் குப்ப எழுதுறது. இது கொஞ்சம் சங்கடமான வேல ஆனா இதுலதான் உண்ம வெளிய வரும். சூட்டுல போடுறதுக்கு முன்னாடி என்ன போடுறோம்னு ஒரு தாள்ல ஒரே ஒரு வார்த்த எழுதுங்க, சோறு, கொத்தமல்லி, பார்சல் பிளாஸ்டிக், சாப்பாட்டு டப்பா, இவ்வளவு போதும். எங்க வீட்டுல மேல வந்தது ரெண்டு, ஆன்லைன்ல வாங்கின சாமானோட பேக்கிங், அப்புறம் அழுகின கீரை மல்லி மிஞ்சின சோறு. நான் பிளாஸ்டிக் ஸ்ட்ராவ பத்தி கவலப்பட்டுக்கிட்டு இருந்த நேரத்துல அரைக்கட்டு மல்லிய வாராவாரம் தூக்கிப் போட்டுருக்கேன். இப்ப மல்லிய வாங்கினதும் வேர வெட்டி ஈரத்துணியில சுத்தி டப்பாவுல வெக்கிறேன், ஒரு வாரம் தாங்குது, மிஞ்சின சோத்துல மறுநாள் காலையில புளிச்சோறு.

இங்க குப்ப எங்க போகுதுன்னு தெரிஞ்சா பாதி விளம்பரத்துக்கு ஏமாற மாட்டீங்க. நம்ம வீட்டுக் குப்ப எல்லாம் எரி ஆலைக்குப் போகுது, எரிஞ்சதும் பத்துல ஒரு பங்கு அளவுக்குச் சுருங்குது, அந்தச் சாம்பல துவாஸ்ல இருந்து படகுல ஏத்தி செமாக்காவ் தீவுல கொட்டுறாங்க, 1999-ல தொறந்தது, இதே வேகத்துல போனா 2035 வாக்குல நெறஞ்சிடும்னு சொல்றாங்க, அதுக்கப்புறம் கொட்ட நமக்கு வேற தீவு இல்ல. இப்ப ஒரு கடையில "மண்ணுல மக்கும் பை, மக்கும் தட்டு"ன்னு கூட காசு வாங்கி விக்கிறாங்கன்னு வெச்சுக்கங்க, அது மண்ணுக்குப் போகவே போகாதே, மத்த குப்பையோட சேர்ந்து நெருப்புக்குத்தான் போகும். மக்கும்ங்கற குணத்துக்கு இங்க வேலையே இல்ல, நீங்க குடுக்கிற அந்தக் கூடுதல் காசு உங்க மனசாறுதலுக்கு மட்டும்தான். பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதிலா பேப்பர் டப்பாங்கறதும் கிட்டத்தட்ட அதே கததான், ஒரு தடவ பயன்படுத்திட்டு எறியுற எதுவுமே எறியுறதுதான்.

எறியாம இருக்கணும்னா தூக்குச்சட்டிதான், அதுக்கு நாலஞ்சு நாள் பழக்கம் வேணும், மொதல்ல எனக்கும் கடையில நீட்டக் கூச்சமாத்தான் இருந்துச்சு. மத்தியானக் கூட்டத்துக்கு முன்னாடி பதினொன்ற மணிக்குள்ள போயிடுங்க, ஆர்டர் சொல்லும்போதே "அண்ணே இதுல போட்டுக் குடுங்க"ன்னு மூடியத் தொறந்து நீட்டுங்க, அவங்க டப்பாவுல போட்டதுக்கப்புறம் நீட்டினா ரெண்டு வேல, அவங்களுக்கும் கடுப்பாகும். சாம்பாருக்குத் தனியா சின்ன டப்பா, மூடி இறுக்கமா இருக்கணும், இல்லன்னா எம்ஆர்டியில பை முழுக்க சாம்பார் வாசன. புதுசா அழகான ஸ்டீல் செட்டு வாங்கப் போயிடாதீங்க, பரண் மேல அம்மாவோட கேரியர் இருக்கும் பாருங்க, இல்லன்னா காலி ஐஸ்கிரீம் டப்பா இருக்கும்.

மறுபயனீட்டுச் சாமான் போடுற நீலத்தொட்டிக்கு வருவோம். புளோக்குக்குப் புளோக் இருக்கு, ஆனா அதுல போடுறதுல சுமார் 40 விழுக்காடு மறுபயனீட்டுக்கு ஆகாத சாமான்னு தேசிய சுற்றுப்புற வாரியமே சொல்லியிருக்கு, 2022-ல வீட்டுக் குப்பையில மறுபயனீடு ஆனது வெறும் 12 விழுக்காடு. பிளாஸ்டிக், பேப்பர், கண்ணாடி, டின் எல்லாமே ஒரே தொட்டியில விழுறதால ஒரு கறிக்குழம்பு டப்பா போதும், பக்கத்து வீட்டுக்காரங்க அடுக்கி வெச்ச பேப்பர் மொத்தமும் எண்ணெயாகிடும். பளபளன்னு தேய்க்க வேணாம், அரிசி கழுவின தண்ணியில ஒரு அலசு அலசிட்டுப் போட்டா போதும். டிஷ்யூ, ஸ்டைரோஃபோம், பழைய செருப்பு, துணி எதையும் அதுல போடாதீங்க, நல்ல மனசோட போட்டாலும் அது குப்பதான். பழைய பேப்பர் அட்டைப்பெட்டிய காராங்கூனி, அதான் பழைய சாமான் எடுக்குறவரு, வந்து ஹார்ன் அடிக்கும்போது குடுத்துடுங்க, அவருக்கும் நாலு காசு கெடைக்கும், சாமானும் சுத்தமாப் போய்ச் சேரும். பான பாட்டில் கேனுக்கு 2026 ஏப்ரல் 1-ல இருந்து 10 காசு வைப்புத்தொகைன்னு திட்டம், அந்த முத்திர இருக்கிற காலி பாட்டில நசுக்காம எடுத்து வெச்சுத் திருப்பிக் குடுத்தா காசு கைக்கு வரும்.

இனி கரண்டு பில்லு, எனக்கு இதுலதான் பெரிய அடி. பில்லுல நம்ம பயன்பாட்டயும் நம்மள மாதிரி வீடுகளோட சராசரியயும் பக்கத்துல பக்கத்துல காட்டுவாங்க, அதப் பாக்காம அடியில இருக்கிற தொகைய மட்டும் பாத்துட்டு கட்டிடுறோம். இங்க கரண்டுல சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவுல வருது, ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.4 கிலோ கார்பன். பெட்ரூம் ஏர்கான் ஒரு மணிக்கு 0.7 யூனிட் இழுக்குதுன்னு வெச்சா எட்டு மணி நேரத்துக்கு அஞ்சரை யூனிட், ரெண்டு கிலோவுக்கு மேல கார்பன். ஒரு பிளாஸ்டிக் பைக்கு சில பத்து கிராம்தான். அதாவது ஒரு ராத்திரி ஏர்கான் நாப்பது அம்பது பைக்குக் கொறையாது. அதுக்காக புழுங்கிச் சாக வேணாம், 25-க்கு மேல வெச்சு ஃபேன போடுங்க, தூங்கினதும் அணையுற மாதிரி மூணு மணி நேர டைமர் வைங்க, வடிகட்டிய மாசம் ஒரு தடவ கழுவுங்க, அடுத்த பில்லுல அந்தக் கோடு எறங்குறத நீங்களே பாப்பீங்க.

விமானத்தையும் மறைக்காம எழுதுங்க. சென்னைக்கு ஒரு தடவ போயிட்டு வந்தா ஒரு ஆளுக்குக் கால் டன்னுக்கு மேல போகும். அப்பா அம்மாவப் பாக்கப் போறத நான் விட மாட்டேன், யாரையும் விடச் சொல்லவும் மாட்டேன், ஆனா மலிவு டிக்கெட் வந்துச்சுன்னு வாரக்கடைசிக்குப் பறந்ததெல்லாம் அந்தத் தாள்ல எழுதினப்போ மூங்கில் பிரஷ்ஷெல்லாம் எங்கயோ போயிடுச்சு, அதுல ரெண்டு பயணத்த இந்த வருஷம் விட்டுட்டேன்.

கடையில ஏதாவது சாமான் மேல பச்ச இலை படம் போட்டு "எக்கோ"ன்னு இருந்தா மூணு கேள்வி கேளுங்க. எந்த விஷயத்துல நல்லது, எத விட நல்லது, தூக்கிப் போட்டா எங்க போகும். மூணுக்கும் அட்டையில பதில் இல்லன்னா அது வெறும் படம். சிங்கப்பூர் பசுமை முத்திர 1992-ல இருந்து இருக்கு, அதுக்குன்னு தனி அளவுகோல் வெச்சு சோதிச்சுத்தான் குடுக்குறாங்க, கடைக்காரரே வரைஞ்ச இலையும் அதுவும் ஒன்னு இல்ல.

சித்தப்பா பையன் இன்னொன்னும் சொன்னான், ஒவ்வொருத்தரும் அவங்கவங்க கார்பன் தடத்தக் கணக்குப் போடுங்கன்னு 2004-ல பரப்பினதே பிபிங்கற எண்ணெய்க் கம்பெனிதானாம், பழிய நம்ம மேல தள்ள. அது உண்மதான், அதனால பெரிய பொறுப்பு கம்பெனிக்குத்தான்ங்கறதுலயும் எனக்கு சந்தேகமே இல்ல. இங்க பெரிய ஆலைங்களுக்கு கார்பன் வரி 2019-ல டன்னுக்கு 5 வெள்ளியா ஆரம்பிச்சு 2024-ல 25 வெள்ளியாச்சு, அது இன்னும் ஏறணும்னு நான் மனசார விரும்புறேன். ஆனா கம்பெனி திருந்துற வரைக்கும் என் மல்லிக்கட்டு அழுகலாம்னு அதுக்கு அர்த்தம் இல்லையே.

கடைசியா அலமாரி. வாங்கணும்னு தோணுற எதையும், பசுமச் சாமானா இருந்தாலும் சரி, ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு தாள்ல தேதியோட எழுதி முப்பது நாள் விட்டுடுங்க. என் தாள்ல மொத மாசம் ஒன்பது எழுதினேன், முப்பது நாள் கழிச்சு ரெண்டுதான் வேணும்னு தோணுச்சு, அதுலயும் ஒன்ன கேரோசெல்ங்கற பழைய சாமான் விக்கிற ஆப்ல பழசா வாங்கினேன். தீபாவளிப் பொடவைக்கு நாங்க அக்கா தங்கச்சி நாலு பேரும் மாத்தி மாத்திக் கட்டினோம், ஒரு நாள் கட்டி மடிச்சு வெச்ச பட்டு எல்லார் வீட்டுலயும் கெடக்குது.

2024-ல வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடுங்களுக்கு கரண்டு, தண்ணி மிச்சம் பிடிக்கிற சாமான் வாங்க 300 வெள்ளி பருவநிலை வவுச்சர் குடுத்தப்போ நல்லா ஓடிக்கிட்டு இருந்த ஃப்ரிட்ஜ தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கினவங்களப் பாத்தேன். பழசு கெட்டா மட்டும் வாங்குங்க, அப்ப கரண்டு சிக்கனத்தக் காட்டுற டிக் குறி அதிகமா இருக்கிறதாப் பாத்து வாங்குங்க. நாங்க பியூஸ் போன பல்புக்கு எல்இடி வாங்கினோம், மிச்ச வவுச்சர் 2027 டிசம்பர் 31 வரைக்கும் செல்லும், எங்க ஃப்ரிட்ஜுக்கு ஒன்பது வயசாகுது, போன மாசம் கதவு ரப்பர் மட்டும் மாத்தினோம், இப்ப நல்லா குளிருது.