ஐஸ் கட்டிக்கு உமிழ்வுக் காரணி: நாமே போட்டுக்கொள்ளலாம்

மண்டபம், பாம்பன் பக்கம் இறால், நண்டு ஏற்றுமதிக் கம்பெனிகளில் கார்பன் கணக்கு பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒரு பொருளின் ஓர் அலகுக்கு எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று சொல்லும் எண்தான் உமிழ்வுக் காரணி. கணக்கு மென்பொருளில் டீசலுக்கு அது இருக்கும், மின்சாரத்துக்கு இருக்கும். ஐஸ் கட்டிக்கு மட்டும் இருக்காது. சிலர் அதைக் குடிநீர்க் கணக்கில் தள்ளிவிடுகிறார்கள். தப்பு. ஐஸின் உமிழ்வில் பெரும்பகுதி மின்சாரம்தான்.

ஐஸ் கம்பெனியிடம் ஒரு மாத கரண்ட் பில்லையும், விற்ற கட்டிகளின் எண்ணிக்கையையும் கேளுங்கள். 20,000 யூனிட், 5,000 கட்டி என்று வைத்துக்கொள்வோம். கட்டிக்கு 4 யூனிட். மத்திய மின்சார ஆணையத்தின் 2023-24 காரணி யூனிட்டுக்கு 0.727 கிலோ, ஆக, கட்டிக்கு சுமார் 2.9 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஜெனரேட்டர் ஓடியிருந்தால், அந்த மாத டீசலுக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 2.68 கிலோ வீதம் போட்டு, கட்டிகளின் எண்ணிக்கையால் வகுத்துச் சேருங்கள். குளிரூட்ட அமோனியா என்றால் அதன் கசிவுக்குத் தனியாக எதுவும் வேண்டாம், அதன் புவி வெப்பமாக்கும் திறன் பூஜ்யம்தான்.

அலகில் கவனம். ஆணையம் தருவது ஒரு மெகாவாட்-மணிக்கு, அதாவது 1,000 யூனிட்டுக்கு, எத்தனை டன் என்று. யூனிட்டுக்கு கிலோ என்றாலும் அதே எண்தான். நான் ஒருமுறை 'யூனிட்டுக்கு டன்' என்று தேர்ந்தெடுத்து, ஐஸ் மட்டும் ஆயிரம் மடங்கு ஏறி நின்றது!

கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிறதே என்று பூஜ்யம் போடாதீர்கள். நமக்கு வருவது பொது மின்தொகுப்பின் கரண்ட்.

அப்புறம், புதுக் காரணி வந்தால் பழையதை அழித்து எழுதாமல், தேதி வரம்போடு தனியாகச் சேருங்கள். இல்லாவிட்டால் போன வருட அறிக்கையும் சேர்ந்து மாறிவிடும்.