கட்டையில் வரி பார்ப்பது எப்படி? பழைய ராணுவ ரைஃபிள் பைத்தியம் பிடித்தவர்களுக்கு ஒரு தொடக்கப் பாடம்

கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர். ராணுவப்பேட்டை என்று சொன்னால் இன்னும் நிறையப் பேருக்குத் தெரியும். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் அது. எங்கள் வேலூர்ப் பக்கம் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் தாத்தாக்களுக்குக் குறைவே இல்லை. அவர்களிடம் ‘திரீ நாட் திரீ’, அதாவது .303 லீ-என்ஃபீல்டு ரைஃபிள், என்று பேச்சை எடுத்தால் போதும், எடை, உதை, குறி எல்லாம் மனப்பாடமாக வரும். அப்படிப் பேசிக்கொண்டிருந்த ஒருவரிடம், துப்பாக்கியின் இரும்பைத் தாங்கும் மரப்பகுதியை நினைத்து, “கட்டை எப்படித் தாத்தா இருக்கும்?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். “என்னோடதுல மட்டும் புலித்தோல் மாதிரி வரி ஓடும்பா” என்றார். எனக்குக் கிறுக்கு பிடித்தது அன்றைக்குத்தான்.

படி 1: ஆசைக்கு முன்னால் சட்டம்

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். உரிமம் இருந்தாலும், 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகள்தான். அதற்கு முன்பு மூன்று. அதிலும் .303 போன்ற ராணுவ ரகங்கள் தடை செய்யப்பட்ட பட்டியலில் இருப்பவை; கலெக்டர் நினைத்தாலும் அவற்றுக்கு உரிமம் தர முடியாது. வெளிநாட்டில் யாரோ சுவர் முழுக்க லீ-என்ஃபீல்டுகளை மாட்டி வைத்திருக்கும் படத்தைப் பார்த்து ஏங்கிப் பயனில்லை. நம் ஊரில் மரக்கட்டை போட்ட போல்ட் ரைஃபிள் (ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளும் ரகம்) உரிமத்தில் வேண்டும் என்றால், அரசுத் தொழிற்சாலையில் செய்த .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிளைப் பார்க்கலாம்.

விண்ணப்பம் கலெக்டர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். வேலூர்க்காரர்களுக்குச் சத்துவாச்சாரி. ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் 2019இல் தனி மாவட்டம் ஆகிவிட்டதால் அந்தப் பக்கத்தவர்கள் அங்கங்கே போக வேண்டும். தற்காப்பு, பயிர்ப் பாதுகாப்பு, குறி சுடும் விளையாட்டு என்று காரணம் உருப்படியாக இருக்க வேண்டும். ‘வரிக்காக வாங்குகிறேன்’ என்று எழுதி வைத்தால் வருவாய்த் துறையில் வேறு ஏதாவது அர்த்தம் செய்துகொள்வார்கள்.

இன்னொன்று. மலைப் பக்கத்திலிருந்து யாராவது ‘எங்க தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி, பழம்பொருள்தானே’ என்று கொண்டுவந்து காட்டினால் தொடக்கூடச் செய்யாதீர்கள். பழசு என்பதற்காகச் சட்டம் விட்டுவிடாது. பழுது பார்த்தாலும் சுட முடியாது என்ற நிலையில் இருக்கும் பழைய ஆயுதத்துக்குத்தான் விலக்கு. அந்த நிலையை முடிவு செய்வது நீங்களும் அல்ல, விற்க வந்தவரும் அல்ல.

சரி, இரண்டே இரண்டு துப்பாக்கியை வைத்துக்கொண்டு சேகரிப்பு என்று சொல்ல முடியுமா? முடியாது. அதனால் நாம் சேர்க்கப்போவது கண் பழக்கத்தையும் குறிப்புகளையும்தான். இதற்கு உரிமம் தேவையில்லை.

படி 2: மரத்தில் கண் பழகட்டும்

துப்பாக்கி இல்லாமலே இதைப் பழகலாம். தெரிந்த ஆசாரி ஒருவரின் பட்டறையில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். மரத்தின் இழை நேராக ஓடினால் இழைத்த பலகை சாதுவாக இருக்கும். இழை அலை அலையாக நெளிந்து வளர்ந்திருந்தால், ஒவ்வொரு நெளிவும் வெளிச்சத்தை ஒவ்வொரு பக்கம் திருப்பும். அதுதான் புலிவரி. கிளை பிரியும் கவட்டையில் அறுத்தால் இறகு விரித்தது போல் வரும். முண்டு முடிச்சு விழுந்த இடத்தில் சுழி சுழியாக வரும்.

இப்போது முக்கியமான சோதனை. பலகையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நிஜ வரி நகரும்: பளிச்சென்று இருந்த பட்டை கருக்கும், கருத்தது பளிச்சிடும். சாயம் பூசியோ தீயில் வாட்டியோ போட்ட வரி எப்படித் திருப்பினாலும் அசையாது. பார்க்கச் சாதாரண விஷயம், ஆனால் எனக்கு இது பிடிபட மூன்று மாதம் ஆனது. அதற்குள் எங்கள் வீட்டுக் கட்டில், மேசை, பீரோ எதையும் நான் சாய்த்துப் பார்க்காமல் விடவில்லை.

ராணுவம் இந்த அழகைத் தேடிப் போகவில்லை என்பதை மறக்க வேண்டாம். பின்கட்டை மெலிந்து கைப்பிடியாகும் இடத்தைக் கழுத்து என்று வைத்துக்கொள்வோம். அங்கே இழை நேராக ஓட வேண்டும். நெளிந்தால் ஓர் இடியில் முறிந்துவிடும். சிப்பாய் கட்டையால் அடிக்கவும் செய்வான் அல்லவா? ஆகவே வரி ஓடும் ராணுவக் கட்டை தற்செயலாக வந்து விழுந்தது. கழுத்தில் இழை நேராகவும் அதற்குப் பின்னால் வரியாகவும் இருந்தால், அந்த மரத்தை அறுத்தவர் கைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

படி 3: எந்த நாட்டில் எந்த மரம்

சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்க ராணுவ ரைஃபிள் எம்-1 கேரண்டில் கறுப்பு வால்நட் மரம். சுவிட்சர்லாந்தின் கே-31இல் வால்நட்டும் உண்டு, பீச்சும் உண்டு. பின்லாந்தின் எம்-39இல் பிர்ச். குளிர்நாட்டு பிர்ச்சில் தீக்கொழுந்து போன்ற வரி வரும், இதில் அதற்குத் தனி ரசிகர் கூட்டமே உண்டு. ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை கோச்வுட் என்ற உள்ளூர் மரத்தைப் போட்டது. வங்காளத்தில் ஹூக்ளிக் கரையில் இருக்கும் இஷாப்பூர்த் தொழிற்சாலையின் ரைஃபிள்களுக்கு நம் நாட்டு வால்நட்.

லீ-என்ஃபீல்டில் ஒரு விசேஷம் உண்டு. ஜெர்மன் மவுசர் ரைஃபிளைப் போல அது ஒரே கட்டை அல்ல. பின்கட்டை தனி, முன்கட்டை தனி. பின்கட்டையை ஒரு நீண்ட போல்ட் இரும்போடு இறுக்கிப் பிடித்திருக்கும். அதனால் பின்னால் புலிவரி, முன்னால் வெறும் மரம் என்ற ஜோடிப் பொருத்தத்தைப் பார்த்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள். சிப்பாயின் கை நீளத்துக்கு ஏற்பப் பின்கட்டையே நான்கு அளவுகளில் வந்தது.

படி 4: மரத்தோடு இரும்பையும் படியுங்கள்

இஷாப்பூர் ரைஃபிளில் பின்கட்டை இரும்போடு சேரும் இடத்தின் வலப்பக்கம் பாருங்கள். கிரீடமும் ‘ஜி.ஆர்.ஐ.’ எழுத்தும் இருந்தால் வெள்ளைக்காரன் காலம். அசோகச் சிங்கம் இருந்தால் குடியரசுக் காலம். ஆண்டும் அங்கேயே இருக்கும். முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகு ஏறியிருந்தால் அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். மரம் பிளக்காமல் இருக்க இந்தியாவில் போட்டது.

மரம் இரும்பைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நின்றால் அசல் பரப்பு. இரும்பைவிடத் தாழ்ந்து கிடந்தால் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். மரத்தில் குத்திய முத்திரைகளின் விளிம்பு மழுங்கியிருப்பதும் அதே கதைதான். வரி தெரிய வேண்டும் என்ற ஆசையில் வரலாற்றைச் சுரண்டி எடுத்த கட்டை, என் கணக்கில் வெறும் விறகு.

படி 5: நோட்டுப் புத்தகம்

நம் கோட்டையிலிருந்தே தொடங்குங்கள். 1806 ஜூலை 10 விடியலில் இங்கே கிளர்ந்தெழுந்த சிப்பாய்கள் காலத்துக் கம்பெனித் துப்பாக்கி ‘பிரவுன் பெஸ்’. குழலின் உள்ளே குண்டைச் சுழற்றிவிடும் பள்ளம் கிடையாது, ஆகவே ரைஃபிள் அல்ல, மஸ்கட். அதன் கட்டையும் வால்நட்தான். கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அப்புறம் காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போனால் எழும்பூர் அருங்காட்சியகம், புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம் இரண்டிலும் பழைய ஆயுதங்களைப் பார்க்கலாம். படம் எடுக்க அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம்: மரம், வரியின் வகை, கழுத்தில் இழை ஓடும் திசை, முத்திரை, ஆண்டு. கண்ணாடிப் பெட்டியின் விளக்கு ஒரே இடத்தில் நிற்பதால் நீங்கள்தான் நகர்ந்து, குனிந்து, சாய்ந்து பார்க்க வேண்டும். காவலர் ஒரு மாதிரி பார்ப்பார், பழகிவிடும்.

படி 6: உரிமத்தோடு கையில் ஒன்று இருந்தால்

எங்கள் குடும்பத்தில் உரிமத்தோடு இருக்கும் .315இன் கட்டைக்கு நான் செய்த முதல் சேவை, தேங்காய் எண்ணெய் தடவியது. பளபளவென்று இருந்தது, இரண்டு நாள். அந்த எண்ணெய் எப்போதும் காயாது. தூசியெல்லாம் அப்பிக்கொண்டு பிசுபிசுவென்று ஆகிவிட்டது.

பட்டாளத்தில் பூசியது காய்ச்சாத பச்சை ஆளி விதை எண்ணெய். முதலில் துப்பாக்கி காலியா என்று பாருங்கள், அப்புறம் இன்னொரு தடவை பாருங்கள். உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு, கை சூடேறும்வரை தேய்த்து, அரை மணி கழித்து மீதியைத் துடைத்துவிடுங்கள். சில நாள் காயவிட்டு மறுபடி. வார்னிஷ் வேண்டாம், உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். நம் ஊர்க் கத்திரி வெயிலில் மொட்டை மாடி அறையில் வைத்தால் மரம் வெடிக்கும். சுவரோடு ஒட்டி வைத்தால் கரையான் ஏறும்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடாகும். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, துணிக்கொடியில் விரித்துப் போட்டு, மொடமொடவென்று காய்ந்த பிறகு குப்பையில் சேருங்கள்.