அத்தர் ஊற்றிய கசாயம்: மல்லிகை கிரீன் டீயில் நாம் செய்யும் தவறுகள்

மலேசியாவுக்குச் சபர் போன மச்சான் கீழக்கரைக்குத் திரும்பும்போது கோடாலித் தைலத்தோடு ஒரு டின் மல்லிகை கிரீன் டீயும் கொண்டு வந்தார். உம்மா அதைச் சட்டியில் போட்டு, பால், சீனி, இஞ்சி எல்லாம் சேர்த்து நன்றாகக் கொதிக்க வைத்தார். ஒரு மடக்குதான் குடித்தார். "என்ன வாப்பா இது, அத்தர் ஊத்துன கசாயமாட்டம் இருக்கு?" டின் அலமாரிக்குப் போய்விட்டது.

தப்பு டீயில் இல்லை. முதல் தவறு கொதி. நம் டீத்தூள் கொதித்தால்தான் இறங்கும். பச்சைத் தேயிலை அப்படி இல்லை. அதிகச் சூட்டில் அதன் துவர்ப்பும் கசப்பும் சீக்கிரமே தண்ணீரில் இறங்கி, மல்லிகை வாசத்தை அமுக்கிவிடும். 75 முதல் 85 டிகிரி வரை சூடு போதும். அதற்காக வெப்பமானி வாங்க வேண்டாம். கொதித்த தண்ணீரை ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்கு இரண்டு மூன்று தடவை ஊற்றுங்கள், ஏறக்குறைய அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். ஆற்றுவது நமக்குக் கைவந்த வேலைதானே, என்ன, இங்கே டீயை ஆற்றாமல் தண்ணீரை ஆற்றுகிறோம். 200 மில்லிக்கு இரண்டு கிராம் இலை, அதாவது சுமார் ஒரு டீஸ்பூன். மூடி வைத்து, இரண்டு நிமிடத்தில் வடித்துவிடுங்கள். இலையைக் கோப்பையிலேயே ஊறவிட்டுவிட்டு, போன் பேசி முடித்து வந்தால் கசக்கத்தான் செய்யும்.

அடுத்தது தண்ணீர். இதை எந்த டப்பாவிலும் எழுதியிருக்க மாட்டார்கள், ஆனால் நம் கடலோரத்தில் பாதி டீயைக் கெடுப்பது இதுதான். போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும். அதில் போட்டால் டீயின் மேலே மெல்லிய ஆடை படியும், நிறம் மங்கும், வாசம் எழும்பாது. காவிரிக் குழாயில் வரும் நாளில் பிடித்து வைத்த தண்ணீரோ, கேன் தண்ணீரோ பயன்படுத்துங்கள்.

டீயில் பூ நிறையக் கிடந்தால் உசத்தி என்ற நினைப்பும் தவறு. சீனாவில் ஃபூஜியன் மாகாணத்து ஃபுஜோ நகரம் இந்த டீக்குப் பேர் போனது. அங்கே வசந்தத்தில் பறித்துப் பதப்படுத்திய இலையைக் கோடையில் மல்லிகை பூக்கும் வரை வைத்திருப்பார்கள். பகலில் பறித்த மொட்டு இரவில் விரியும்போது இலையோடு கலந்து வைப்பார்கள். இலை வாசத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு பூவைப் பிரித்தெடுத்து, இலையை உலர்த்தி, மறுபடி புதுப்பூவோடு கலப்பார்கள். நல்ல டீக்கு இப்படிப் பல சுற்று நடக்கும். வேலை முடிந்த பூவை விட்டுவைத்தால் சுவை கெடும், அதனால்தான் எடுத்துவிடுகிறார்கள். வாசம் இருப்பது இலையில்.

அந்தப் பூ வேறெதுவும் இல்லை, நம் குண்டுமல்லியின் இனம்தான். மதுரைப் பக்கத் தோட்டங்களுக்கு மல்லிகை நாற்று பெரும்பாலும் போவது ராமேஸ்வரம் தீவில் இருக்கும் நம் தங்கச்சிமடத்திலிருந்துதான். அதற்காகச் சரத்தை உருவிக் கோப்பையில் போட்டுவிடாதீர்கள். தலையில் வைக்க விளைந்த பூவில் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள்.

மல்லிகையை உறிஞ்சிய இலை கருவாட்டையும் உறிஞ்சும். எங்கள் டின் நெத்திலிக் கருவாட்டுக்கு மேல் தட்டில், மூடி சரியாக மூடாமல் ஆறு மாதம் இருந்தது. திறந்தபோது வந்த வாடையைச் சொல்ல வேண்டியதில்லை. கடல்காற்றின் ஈரத்தில் இலை நமத்தும் போயிருந்தது. காற்றுப் புகாத டப்பாவில், மசாலா, அத்தர், சாம்பிராணிக்குத் தள்ளி, வெயில் படாமல் வையுங்கள். சின்னப் பொட்டலமாக வாங்குவது இன்னும் நல்லது.

பால் வேண்டாம். சீனியும் வேண்டாம், கைவிட முடியாவிட்டால் துளி பனங்கற்கண்டு, கருப்பட்டி மட்டும் கூடாது, அதன் மணத்துக்கு முன் மல்லிகை நிற்காது.

குடிக்கும்போது அவசரம் கூடாது. வடித்ததும் மூடியை முகருங்கள், வாசம் முதலில் அங்கேதான் தங்கும். சூடு கொஞ்சம் தணிந்ததும் காற்றோடு சேர்த்துச் சத்தமாக உறிஞ்சுங்கள், அப்போதுதான் வாசம் மூக்கின் பின்பக்கமாக ஏறும். வடித்த இலையை எறிந்துவிடாமல் இன்னொரு தடவை தண்ணீர் ஊற்றி, முதல் தடவையைவிட அரை நிமிடம் கூடுதலாக வையுங்கள். எனக்கு அந்த இரண்டாவது கோப்பைதான் பிடிக்கும்.

அடுத்த தடவை மச்சான் வந்தபோது புது டின்னில் முறையாகப் போட்டு உம்மாவிடம் நீட்டினேன். பொறுமையாக முழுவதையும் குடித்து முடித்தார்.

"வாசம் நல்லாத்தான் இருக்கு. சரி, டீ எப்ப வரும்?"