உடைந்து உடைந்து குட்டையாகும் சுருட்டை முடியை எப்படிக் காப்பாற்றுவது

எண்ணெய், மாத்திரை, சீரம் என்று எதையும் வாங்குவதற்கு முன்னால், சீப்பிலும் தரையிலும் கிடக்கிற முடியை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். முழு நீளத்தில், ஒரு முனையில் மட்டும் வெள்ளையாகப் பொட்டு மாதிரி இருந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி. ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை இப்படி உதிர்வது எல்லாருக்கும் உள்ளதுதான். சுருட்டை முடியில் உதிர்ந்தவை கீழே விழாமல் சுருளுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு, தலைக்குக் குளிக்கிற அன்றைக்கு மொத்தமாகக் கையோடு வரும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ஆனால் வழக்கத்தைவிட மிக அதிகமாக வேரோடு கொட்டுகிறது, அதுவும் பிரசவமோ பெரிய காய்ச்சலோ வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து என்றால், அது தோல் மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம், இரும்புச் சத்து, தைராய்டு பரிசோதனை தேவைப்படலாம். துண்டு துண்டாக, வெள்ளைப் பொட்டு இல்லாமல் இரண்டு மூன்று அங்குலத்தில் கிடந்தால் அது உடைசல். இனி எழுதுவதெல்லாம் அதற்குத்தான்.

உடைந்த முடி திரும்ப ஒட்டாது. தலைக்கு வெளியே தெரிகிற முடியில் உயிர் இல்லை, வெறும் கெரட்டின் என்கிற புரதம். கண்டிஷனரோ மாஸ்கோ மேலே ஒரு படலம் போட்டு வழவழப்பாக்கும், அவ்வளவுதான், வெடித்த நுனியை மூடித் தைக்கிற வேலையை எந்த பாட்டிலும் செய்யாது. புதுமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வளரும். பல பேர் "எனக்கு முடியே வளர்வதில்லை" என்று சொல்கிறார்கள், வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது, மேலே வளர்கிற அளவு கீழே உடைகிறது. அதனால் செய்ய வேண்டியது புதிதாக எதையாவது பூசுவது இல்லை, உடைக்கிற பழக்கங்களை ஒவ்வொன்றாக நிறுத்துவது.

முதலில் சூடு. ஸ்ட்ரெய்ட்னர் 200 டிகிரி வரைக்கும் போகும், ஈரம் முழுசாகக் காயாத முடியில் அதை வைத்தால் 'சுர்' என்று ஒரு சத்தம் வருமே, முடிக்குள் இருக்கிற தண்ணீர் ஆவியாகிற சத்தம் அது, உள்ளே குமிழி குமிழியாகி முடி அந்த இடத்திலேயே முறியும். ரீபாண்டிங், அதாவது ரசாயனம் போட்டு முடியை நிரந்தரமாக நேராக்குவது, செய்தவர்களுக்கு இன்னொரு சிக்கல். செய்த பகுதி பழைய சுருளுக்குத் திரும்பவே திரும்பாது, வேரிலிருந்து வருகிற புதுமுடி மட்டும் சுருளாக வரும், சுருளும் நேரும் சந்திக்கிற அந்த இடம்தான் இருப்பதிலேயே பலவீனமானது. மனசு இருந்தால் நேரான பகுதியை ஒரேயடியாக வெட்டிவிடலாம். மனசு வரவில்லையா, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஓர் அங்குலம் ஓர் அங்குலமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள், நடுவில் திரும்ப ரீபாண்டிங் பக்கம் போகாதீர்கள்.

அடுத்தது சிக்கெடுப்பது. நான் பார்த்தவரை சுருட்டை முடி அதிகம் உடைவது இங்கேதான். காய்ந்த சுருளில் சீப்பைப் போட்டு இழுத்தால் நறநறவென்று கேட்கும், அது முடி உடைகிற சத்தம். தலைக்குக் குளிக்கும்போது கண்டிஷனரைத் தாராளமாகப் போட்டு, முடியை நாலாகப் பிரித்து மூன்று பங்கை கிளிப் போட்டு ஒதுக்கிவிடுங்கள். மிச்சப் பங்கின் நுனியிலிருந்து நாலு விரற்கடை மேலே இடது கையால் இறுக்கிப் பிடித்து, அதற்குக் கீழே உள்ளதை மட்டும் முதலில் விரலால், பிறகு பெரிய பல் சீப்பால் எடுங்கள். கீழே சுத்தமானதும் பிடியை இன்னும் நாலு விரற்கடை மேலே ஏற்றுங்கள். சீப்பு எங்கேயாவது நின்றால் இழுக்காதீர்கள், ஈர முடி ரப்பர் மாதிரி நீளும், நீண்டுகொண்டே வந்து பட்டென்று அறுந்துவிடும். சீப்பை வெளியே எடுத்துவிட்டு, சிக்கின் மேல் கொஞ்சம் கண்டிஷனரும் தண்ணீரும் வைத்து இரண்டு விரலால் பக்கவாட்டில் விரித்தால், உள்ளே மாட்டியிருக்கிற உதிர்ந்த முடி தானாகக் கழன்று வரும். கண்டிஷனர் பிடிக்காதவர்கள் செம்பருத்தி இலையைக் கசக்கி வடிகட்டிய வழவழப்பில் இதையே செய்யலாம், நன்றாகவே வேலை செய்யும், என்ன, கண்ணில் தெரியாத இலைத் துணுக்கு நாள் முழுக்க உதிரும்.

தேங்காய் எண்ணெய் விஷயத்தில் பாட்டிகள் சொன்னது சரிதான். அது முடிக்குள்ளேயே இறங்கிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003-ல் ஓர் ஆய்வு வந்தது, அதே ஆய்வில் சூரியகாந்தி எண்ணெய்க்கும் மினரல் ஆயிலுக்கும் அந்தப் பலன் இல்லை. குளிப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் முடியின் நீளத்திலும் நுனியிலும் தடவினால் போதும், பொடுகு இருந்தால் மண்டையில் தேய்க்காதீர்கள். ஷாம்பு மண்டைக்கு மட்டும், வழிகிற நுரையே நுனிக்குப் போதும். குளிக்கிற சோப்பைத் தலைக்குப் போடவே கூடாது, அதன் காரத்தன்மையில் முடியின் மேல் செதில்கள் விரிந்துகொள்ளும். சீயக்காய் போட்டே ஆக வேண்டும் என்றால் தூளை அப்படியே தேய்க்காமல் கஞ்சியில் கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திப்பி சுருளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வீட்டில் உப்புத் தண்ணீரா? போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் முடிமேல் படிந்து சொரசொரப்பாக்கும், என்ன போட்டாலும் பரட்டையாகவே நிற்கும். கடைசி இரண்டு குவளை மட்டும் குடிதண்ணீரில் அலசினால் வித்தியாசம் தெரியும். மாதத்துக்கு ஒரு முறை ஈடிடிஏ (படிந்த கால்சியம், மெக்னீசியத்தைக் கழற்றுகிற பொருள்) கலந்த, கடினநீருக்கான ஷாம்பு போடலாம்.

தேங்காய்ப்பூத் துண்டால் பரபரவென்று துவட்டுவதை விடுங்கள். ஈரிழைத் துண்டோ பழைய பனியனோ எடுத்து, சுருளைக் கீழிருந்து மேலே உள்ளங்கையில் ஏந்தி அழுத்தி எடுங்கள். ஈரத்திலேயே ஆளி விதை ஜெல்லைத் தடவிக் காயவிடலாம். கால் கப் விதை, இரண்டு கப் தண்ணீர், கிளறிக்கொண்டே கொதிக்கவிட்டு, கரண்டியைத் தூக்கினால் நூலாக இழுபடும் பதத்தில் அடுப்பை அணைத்து, கை பொறுக்கிற சூட்டிலேயே துணியில் வடிகட்டுங்கள், ஆறிவிட்டால் துணியை விட்டு இறங்காது. ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும், நாற்றம் வந்தால் கொட்டிவிடுங்கள். முட்டை தடவுவது வீண், அதன் புரதம் முடிக்குள் போகிற அளவுக்குச் சிறியது இல்லை, அதை ஆம்லெட் போட்டுச் சாப்பிடலாம்.

இரவில் சாட்டின் துணியில் தலையணை உறை, தளர்வாக ஒரு பின்னல். வண்டி ஓட்டுபவர்கள் ஹெல்மெட்டுக்குள் அதே சாட்டின் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள், ஈரத் தலையோடு மட்டும் ஹெல்மெட் வேண்டாம். ரப்பர் பேண்டைத் தினமும் ஒரே இடத்தில் இறுக்கினால் அந்த இடத்திலேயே முறியும், நெற்றியோரம் இழுத்துக் கட்டினால் நாளடைவில் வேரே போய்விடும்.

வெடித்த நுனியை வெட்டத்தான் வேண்டும், விட்டால் வெடிப்பு மேலே ஏறும். பார்லரில் ஈரத்தில் நீட்டி வெட்டினால் காய்ந்ததும் சுருண்டு எங்கேயோ போய் நிற்கும், ஓர் அங்குலம் சொன்னவருக்கு மூன்று அங்குலம் போனது போலத் தெரியும். முடி காய்ந்த பிறகு, சுருள் சுருளாகப் பார்த்து வெட்டச் சொல்லுங்கள், அப்படி வெட்டத் தெரியாது என்றால் வேறு பார்லர் பாருங்கள்.