வீடியோ கோல் எடுக்கும் முன் படங்களின் பேக்கப்பை நிறுத்துங்கள்

கத்தாரில் இருக்கும் மகன் “உங்கட முகம் அப்படியே நிக்குது அம்மா” என்கிறார், அவர் முகமோ உங்களுக்குத் தெளிவாகத் தெரிகிறது என்றால், பெரிய டேட்டா பெக்கேஜுக்கு மாறாதீர்கள். முதலில் கூகுள் போட்டோஸ் அமைப்புகளில் பேக்கப்பை, அதாவது போனில் எடுத்த படங்களும் வீடியோக்களும் தானாகவே இணையத்தில் ஏறிச் சேமிக்கப்படுவதை, நிறுத்திப் பாருங்கள். ஒரே ரவுட்டரில் இணைந்த மற்றப் போன்களிலும் அப்படியே.

காரணம், 4ஜி இணைப்பில் பெரும்பாலும் டவுன்லோடுக்குத்தான் அகலமான வழி. அப்லோடுக்கு, அதாவது உங்கள் போனிலிருந்து வெளியே போவதற்கு, கிடைப்பது குறைவு. உங்கள் முகம் போவது அந்தக் குறுகிய வழியில். நேற்றுக் கல்லடிக் கடற்கரையில் எடுத்த நீள வீடியோவும் அதே நேரத்தில் அதே வழியாக ஏறிக்கொண்டிருந்தால் கோல் திணறும். பெக்கேஜில் கூடுவது ஜிபி அளவு மட்டும் என்றால் வழி அகலமாகாது, காசுதான் போகும். வேகச் சோதனை செய்தால் அப்லோட் எண்ணைப் பாருங்கள். அநேகர் அதைப் பார்ப்பதே இல்லை.

அப்புறமும் திணறினால் உங்கள் கேமராவை மட்டும் அணைத்துவிடுங்கள். குரலுக்கு 0.1 எம்பிபிஎஸ் (இணைய வேகத்தின் அளவு) கூடத் தேவையில்லை.

அவர் முகம் உங்கள் திரையில் உறைந்தால் இது உதவாது. சிக்னல் ஒரு கோடாக இருந்தாலும், இரவில் டவர் நெரிசலாக இருந்தாலும் பெரிதாகப் பலன் இருக்காது. கோல் முடிந்ததும் பேக்கப்பைத் திரும்பப் போட மறக்காதீர்கள்.