மும்பை வெளிச்சமும் நாம் எடுக்கும் படங்களும்: சில தவறுகள்

பொங்கலன்று தாராவி 90 அடி சாலையில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கல் வைப்பார்கள். போனைத் தூக்கிப் படம் எடுக்காத ஆளே இருக்காது. மறுநாள் வாட்ஸ்அப்பில் வரும் படங்களில் பானை இருக்கும், பட்டுச்சேலை இருக்கும், கூட்டமும் இருக்கும். பானையிலிருந்து எழுந்த ஆவி மட்டும் இருக்காது.

சூரியனை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டு எடுக்க வேண்டும் என்ற பழைய பாடம்தான் காரணம். வெளிச்சம் நிறையக் கேட்ட பிலிம் கால எளிய கேமராக்களுக்கு அது சரி. இன்றைக்கு அதையே பிடித்துக்கொண்டு நிற்பதுதான் முதல் தவறு. புகை, ஆவி, தூசி, மழைச்சாரல் எல்லாம் பின்னாலிருந்து வெளிச்சம் விழும்போதுதான் நன்றாகத் தெரியும். அடுப்பைச் சுற்றி நாலு எட்டு நடந்து, சூரியன் பானைக்குப் பின்னால், கொஞ்சம் பக்கவாட்டில் வருகிற இடத்தில் நில்லுங்கள். அதற்கும் பின்னால் நிழல் விழுந்த சுவரோ மூடிய கடை ஷட்டரோ இருந்தால் இன்னும் நல்லது. இருட்டான பின்னணியில் ஆவி சுருள் சுருளாகத் தனித்து நிற்கும். லென்ஸில் வெயில் நேராக அடித்தால் ஒரு கையால் மறைத்துக்கொள்ளலாம். ஆட்களை எடுக்கும்போதும் இதில் ஒரு லாபம் உண்டு: வெயிலைப் பார்த்து நிற்கிறவர்கள் கண் கூசி முகத்தைச் சுளிப்பார்கள், திரும்பி நின்றால் இயல்பாக இருப்பார்கள்.

அடுத்தது உச்சிவெயில். மும்பை ஏறத்தாழ 19 டிகிரி வடக்கில் இருப்பதால் மே நடுவிலும் ஜூலைக் கடைசியிலும் நண்பகலில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடும். நிழலில்லா நாள் என்பார்களே, அதுதான். ஜூலையில் பெரும்பாலும் மேகம் மறைத்துவிடும். மே மாதக் கல்யாணத்தில் சாப்பாடு முடிந்து, மண்டபத்துக்கு வெளியே குடும்பப் படம் எடுக்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். புருவத்தின் நிழல் விழுந்து கண்ணே இருக்காது, மூக்குக்குக் கீழே மீசை வைத்ததுபோல ஒரு கறை. எல்லோரையும் வாசல் போர்டிகோவுக்குள் இரண்டடி தள்ளி, வெளியே பார்க்க நிறுத்தினாலே போதும். ஒரே வராந்தாவில் வரிசையாக அறைகள் இருக்கும் பழைய மும்பைக் குடியிருப்புகளான சால் வீடுகளின் நீண்ட வராந்தாவும் இப்படித்தான், காசில்லாமல் கிடைக்கும் ஸ்டுடியோ.

மரைன் டிரைவில் நடப்பது வேறு கதை. கடல் மேற்கே இருப்பதால் சூரிய அஸ்தமனம் என்றால் கூட்டம் மொத்தமும் போனைக் கடல் பக்கம் நீட்டும். வானம் அழகாக வரும். முன்னால் நிற்கும் மனைவி முகம் கரியாக வரும். முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டினால் வானம் வெளுத்துப்போகும். கூடுதல் குறைவான வெளிச்சத்தில் எடுத்த படங்களை ஒன்றாகச் சேர்க்கும் எச்டிஆர் வசதி ஓரளவு காப்பாற்றும், ஆனால் முழுதாக அதை நம்ப வேண்டாம். எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். வானம்தான் வேண்டுமென்றால் ஆளைப் பக்கவாட்டில் திருப்பி நிழலுருவமாகவே எடுங்கள். முகம் வேண்டுமென்றால் நீங்கள் கடலோரச் சுவர் பக்கம் போய், அவரைக் கடலைப் பார்க்க நிறுத்துங்கள். அந்த மஞ்சள் வெயில் முகத்திலும் விழும், பின்னால் இருக்கும் ஆர்ட் டெகோ என்ற இருபதாம் நூற்றாண்டு முற்பகுதிப் பாணிக் கட்டடங்களிலும் விழும். 2018-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கட்டடங்கள் அவை; சாயங்காலம் அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது எனக்கு எப்போதும் வீணாகவே படும். கேட்வே ஆஃப் இந்தியா இதற்கு நேர் எதிர். அதன் கடல் முகப்பில் வெயில் விழுவது காலையில். சாயங்காலம் படகிலிருந்து எடுத்தால் நிழல் பக்கம்தான் கிடைக்கும்.

ஷண்முகானந்தா போன்ற பெரிய அரங்கில் பின்வரிசையிலிருந்து பிளாஷ் அடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: போன் பிளாஷ் இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் உதவாது. முன்வரிசைத் தலைகள்தான் பளிச்சென்று விழும், மேடையில் இருப்பவர் இருட்டில் போவார். அணைத்துவிடுங்கள், பக்கத்தில் இருப்பவரும் வாழ்த்துவார்.

வீட்டுக்குள் எடுக்கும்போது செய்யும் தவறு, இருக்கிற விளக்கையெல்லாம் போடுவது. ஜன்னல் வெளிச்சம் நீலம், குண்டு பல்பு மஞ்சள். இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் கேமரா எதைச் சரிசெய்யும்? பகலில் விளக்கை அணைத்து, ஆளை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காரவைத்தால் போதும்.

வெள்ளை வேட்டியில் நிற்கும் தாத்தாவை எடுத்தால் வேட்டி சாம்பலாக வருகிறதா? எதைக் காட்டினாலும் நடுத்தர வெளிச்சத்துக்கு இழுப்பது கேமராவின் குணம். வேட்டிக்கு வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், கறுப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் குறையுங்கள்.

மழைக்காலத்தில் கேமராவைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். மேகம் மூடிய நாளில் முகங்கள் அருமையாக வரும், வெளுத்த வானத்தை மட்டும் சட்டத்துக்கு வெளியே விட்டுவிட வேண்டும். ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஆவி படியும். சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருக்காமல் ஐந்து பத்து நிமிடம் பொறுங்கள், தானாகவே போய்விடும்.